இரண்டு சீட்டு

சீட்டு எடுத்த அன்று
நகைக்கடைக்குப் போகாமல்
முத்தியால்பேட்டை ழெரார் ஷெட்டுக்குப் போனேன்.
மூன்றாவது கை வண்டி. சிவப்பு என்று சொல்லலாம்,
வெயில் பாதி தின்ற சிவப்பு.
கூரை துணி, உடம்பு ஃபைபர்.
"ஒரு பக்கத்த நானே தூக்கிடுவேன் மேடம்.
உப்புக்காத்து மேல ஒண்ணும் பண்ணாது,
அடியில சேஸிஸ்தான் துரு பிடிக்கும்."
காட்ட அவர் படுத்தார்.
சுடிதாரோடு நானும் படுத்துப் பார்த்தேன்.

வீட்டில் நாலு பேர்.
"சீட்டுப் பணத்துல
சீட்டே இல்லாத வண்டியா?" என்றார் இளங்கீரன்.
எட்டு மாதம் அதில் ஏறவே இல்லை.

அரியாங்குப்பத்திலிருந்து மஞ்சக்குப்பம்,
டயாலிசிஸ் வார்டில் ஆறு மணி ஷிப்ட்.
இவ்வளவு தாழ உட்கார்ந்து
இந்தச் சாலையை நான் பார்த்ததில்லை.
பஸ் சக்கரம் காதுக்கு நேரே சுற்றுகிறது.
ஆடுகள் கண்ணோடு கண் பார்த்து மெல்கின்றன.
லாரி பம்பரில் தொங்கும் எலுமிச்சை
எனக்கென்றே கட்டியது போல முகத்தெதிரே ஆடுகிறது.
தவளக்குப்பம் பள்ளிக்கூடத்து வேகத்தடைக்கு
மாமனார் என்று பெயர் வைத்திருக்கிறேன்.
குறுக்கே, மெதுவாக, குனிந்து போனால்
விட்டுவிடும்.

முள்ளோடை செக்போஸ்டில் புதுப் போலீஸ்காரர்
டிக்கியைத் திறக்கச் சொன்னார்.
ஸ்டெப்னி. அதன் நடுக்குழியில் என் சாப்பாட்டு டப்பா.
"அவ்ளோதானா?"
சரக்கு இல்லாததைவிட
இடம் இல்லாததுதான் அவருக்கு வருத்தம்.
பிறகு எல்லோரும் கேட்பதைக் கேட்டார்:
"மைலேஜ் எவ்ளோ குடுக்குது?"

கேஸ் சிலிண்டருக்கு பெல்ட் போட்டுக்
கூட்டி வந்திருக்கிறேன்.
ஐப்பசியில் ஒழுகிய மூலைக்கு
சலைன் குழாய் ஒன்றைச் செருகி
கதவுக்கு வெளியே விட்டேன்.
சிக்னலில் நிற்கும்போது
நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணுகிறது வாய்.

தை மாதம், திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணம்.
ஆறு மணி முகூர்த்தம். ஆட்டோக்காரர் சொன்ன தொகைக்கு
வீம்பு வந்துவிட்டது எனக்கு.
மூன்று நடை அடிக்கிறேன் என்றேன்.

முதல் நடை நாத்தனார் அஞ்சலாட்சி.
கனகாம்பரம் கூரையில் இடித்தது.
சுண்ணாம்பாறு தாண்டும்வரை பூவைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.
கிருமாம்பாக்கத்தில் கையை இறக்கி,
"அவரு போன மாசம் போன் பண்ணாரு" என்றாள்.
விட்டுப்போய்ப் பதினோரு வருஷம் ஆனவர்.
"என்ன சொன்னாரு?"
"சாப்ட்டியான்னு கேட்டாரு."

இரண்டாவது நடை நிருபன்.
கூரையைத் திறக்கலாமா என்றான். பனி. திறந்தேன்.
பெண்ணையாற்றுப் பாலத்தில்
காற்றுக்கு மேல் கத்திக் கேட்டான்:
"அப்பாவுக்கு ஏன்மா உன்னப் பாத்தா பயம்?"
கியர் மாற்ற வேண்டிய இடம் இல்லை அது.
மாற்றினேன்.

மூன்றாவது நடைக்கு
முழங்கால் நெஞ்சில் முட்ட மடங்கி உள்ளே வந்தார்.
பட்டு வேட்டியில் கிரீஸ் படாமல்
துண்டு விரித்திருந்தேன்.
"அஞ்சல என்ன பேசினா?"
"ஒண்ணும் இல்ல."
"பையன்?"
"குளுருதுன்னான்."
ரெட்டிச்சாவடி விளக்குகள் போயின.
கியருக்கு என் கை போகும்போதெல்லாம்
அவர் தொடையை ஒதுக்கினார்.
நான்காவது முறை ஒதுக்கவில்லை.
"இவ்ளோ பக்கத்துல உக்காரணும்னு
தெரியாது" என்றார்,
சாலையைப் பார்த்தபடி.

தாலி கட்டும்போது நான் இல்லை.
இரண்டு டூரிஸ்ட் பஸ்களுக்கு இடையே
அந்தச் சின்ன வண்டிக்கு இடம் தேடிக்கொண்டிருந்தேன்.
மேளம் மட்டும் கேட்டது. எந்தக் கல்யாணத்து மேளமோ,
அன்று மலையடியில் எத்தனையோ கல்யாணம்.

சீட்டுக்கடியில் எங்கோ ஒரு ஹேர்பின்
வளைவுதோறும் கிலுங்குகிறது.
தேடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, டார்ச்சோடு
வாசலில் மல்லாந்து கிடந்தார் இளங்கீரன்,
தலை வண்டிக்கடியில், செருப்பில்லாத கால் வெளியே.
"இங்க கொஞ்சம் துரு இருக்கு" என்றது குரல்.
எங்கே என்று கேட்டபடி
நானும் பக்கத்தில் படுத்தேன்.